இருபது நொடி கழித்துப் போன இரண்டாம் கட்டளை

ஆதிலட்சுமி நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விருத்தாசலத்தில் பதினான்கு பீங்கான் பட்டறைகள் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்க அலுவலகத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதன் முன்விளிம்பில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் உறை தேய்ந்திருக்கும். தொலைபேசியை முதல் மணி முடிவதற்குள் எடுப்பார். யாருக்காவது செய்தி அனுப்பி ஒரு நிமிடத்தில் பதில் வராவிட்டால் அழைப்பார். எடுக்காவிட்டால் மறுபடி அழைப்பார். அதற்கும் பதில் இல்லையென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு நேரில் கிளம்பிவிடுவார்.

1982-ல் பெண்ணாடத்தில் பிறந்தவர். பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்து, 2003 ஆகஸ்டில் சங்கத்தின் சோதனைக் கூடத்தில் களிமண்ணின் ஈரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். 2009-ல் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. ஐந்து நாட்கள் அது அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. ஆறாம் நாள் ஆதிலட்சுமி பெட்டியைக் கிழித்து, மேசைமேல் வைத்து, இணைத்து முடித்துவிட்டுத்தான் அனுமதி கேட்டார். அன்றிலிருந்து அலுவலகத்தில் மின்சாரம் ஓடும் பொருள் எதுவானாலும் அவர் பொறுப்பு. 2019-ல் பொதுச் சூளைக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கியபோது, அதற்கு முன்னால் ஒரு ப்ராக்ஸி சர்வரை அமைத்தவரும் அவர்தான்.

அந்தச் சர்வர் இடையில் நிற்கும் இயந்திரம். பட்டறைக்காரர்களின் கைபேசிகளும் சூளைக்காரரின் டேப்லெட்டும் சூளைப் பெட்டியோடு நேராகப் பேசுவதில்லை. கோரிக்கை முதலில் அலுவலகத்திலுள்ள ப்ராக்ஸிக்கு வரும். அது யார் என்று பார்த்து, குறித்துக்கொண்டு, பெட்டிக்கு அனுப்பும். பெட்டி தரும் பதிலை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். அலுவலகத்திலிருந்து சூளைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கேபிள். அது அறுந்தால் உதவட்டும் என்று கூரைமேல் ஒரு வயர்லெஸ் கருவி.

கோரிக்கைகளிலும் வகை உண்டு. ‘கெட்’ என்பது காட்டச் சொல்வது. சூடு எவ்வளவு, நாளை யார் முறை என்பதையெல்லாம் அதில் கேட்கலாம். நூறு தடவை கேட்டாலும் சூளையில் ஒரு டிகிரி மாறாது. ‘போஸ்ட்’ என்பது ஒன்றைச் செய்யச் சொல்வது. ‘முப்பது டிகிரி ஏற்று’ என்பது போஸ்ட். ஆதிலட்சுமி இதைப் பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அவருக்கே தெரியவந்தது 2023 ஜூன் மாதத்தில்.

ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. சூளையில் அம்புஜவல்லியின் சரக்கு இருந்தது. வடக்குப் பெரியநாயகி தெருவிலிருந்து வந்து பட்டறை நடத்தும் அந்த அம்மாள் செய்வது மின்பெட்டிகளுக்கான பியூஸ் கட்டைகள். அன்று வைத்தது 2,140 கட்டைகள். சூளைக்காரர் திருமால், வயது ஐம்பத்து நான்கு, நல்லூர்க்காரர், சூளை வேலையில் முப்பத்தோராவது வருடம். சூடு 1220-ல் நின்றது. சூடு ஏற ஏறச் சாய்வதற்கென்றே உள்ளே நிற்கவைத்த மண் கூம்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்வை ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு, டேப்லெட்டில் ‘முப்பது ஏற்று’ என்பதை அழுத்தினார். மணி 11.42. சிறிது தாமதித்து ‘ஆயிற்று’ என்று வந்தது. 12.04-க்கு மறுபடி பார்த்தார். 1250, கூம்பு சரியாக இருந்தது. இனி அரை மணி நேரம் அதே சூட்டில் நிற்கும் என்று சாப்பிடப் போனார். 12.31-க்குத் திரும்பியபோது சூடு 1280. கூம்பு பலகையோடு படுத்துக் கிடந்தது. எரிவாயுவை அடைத்தார். மறுநாள் சூளையைத் திறந்தபோது கட்டைகள் உருகி வளைந்து, அடுக்குப் பலகைகளோடு ஒட்டியிருந்தன.

பெட்டியின் திரையில் இரண்டு கட்டளைகள் பதிவாகியிருந்தன. 11:42:07-க்கு முப்பது ஏற்று. 11:42:27-க்கு முப்பது ஏற்று. இரண்டும் திருமால் பெயரில்.

“ரெண்டு வாட்டி அமுக்கிட்டு சோறு தின்னப் போயிட்டியாய்யா?” என்றார் சங்கத் தலைவர் சபேசன்.

“ஒரு வாட்டிதாங்க அமுக்கினேன்.”

“பெட்டி பொய் சொல்லுதா?”

“பெட்டி என்னா சொல்லுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. என் வெரலு எனக்குத் தெரியும்.”

அம்புஜவல்லி வளைந்த கட்டை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். “இத யாரு வாங்குவாங்க? காதுல மாட்டிக்கவா?” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

சபேசன் ஆதிலட்சுமியைக் கூப்பிட்டார். அவர் ஏற்கெனவே ப்ராக்ஸியின் பதிவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் திருமாலின் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நேரம் 11:42:33. அதைப் பார்த்த வேகத்தில், யோசிக்காமல் ஒரு வார்த்தை சொன்னார்.

“என் வழியா வந்தது ஒண்ணுதாங்க. ரெண்டாவதுக்கு ஒட்டுன நேரம்தான் இதுல இருக்குது. முதல்ல அமுக்குனது பெட்டியிலயே நேரா கையால அமுக்கியிருக்கலாம்.”

கூடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். திருமால் ஆதிலட்சுமியைப் பார்த்தார்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. கையால் ஒரு தடவை, டேப்லெட்டில் ஒரு தடவை, பிறகு சாப்பாடு என்று மாலைக்குள் எல்லாப் பட்டறையிலும் கதை முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம். சூளையைத் திருமாலிடமிருந்து வாங்கி, சேத்தியாத்தோப்பிலிருந்து வரும் வேறொருவரிடம் கொடுப்பது என்பது கூட்டத்தின் ஒரே பொருள். அறிவிப்பை எழுதியவன் நான்.

புதன் மாலை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஆதிலட்சுமி உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனார். திருமால் பொய் சொல்பவர் அல்ல என்று அவருக்குத் தெரியும். ஆனால் எண்கள் இருக்கின்றன. எண்களைக் கொடுத்தவரும் அவரேதான். வீட்டில் மகள் வெண்பா, “என்னம்மா, அடுப்புல ஒண்ணும் வெக்காம கரண்டியால கிண்டுற?” என்று கேட்டாளாம்.

வியாழக்கிழமை காலை வழக்கமான 8.10 பஸ்ஸுக்குக் காத்திராமல் அதற்கு முந்தைய வண்டியில் வந்துவிட்டார். பெட்டியைச் செய்துகொடுத்த கோயம்புத்தூர் நிறுவனத்தை ஒன்பது மணிக்கு அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. ஏழாவது தடவை ஒரு பொறியாளர் எடுத்தார்.

“மேடம், ஒரே நம்பர்ல ஏழு மிஸ்டு கால். பெட்டி எரிஞ்சிடுச்சுங்களா?”

“பெட்டி எரியல. ஒரு ஆளோட பேரு எரியுது. கட்டளை எங்கிருந்து வந்துச்சுன்னு பெட்டிக்குத் தெரியுமா?”

தெரியும் என்றார் அவர். திரையில் காட்டாது, ஆனால் உள்ளே முழுப் பதிவு இருக்கிறது. லேப்டாப்பை நேராகச் சொருகி எடுக்க வேண்டும். ஆதிலட்சுமி சூளைக் கொட்டகைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். திருமால் அங்கே பலகைகளில் ஒட்டியிருந்த பீங்கானை உளியால் தட்டிப் பெயர்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

முழுப் பதிவில் ஒவ்வொரு கட்டளைக்கும் எதிரே ஒரு முகவரி இருந்தது. கையால் அழுத்தியிருந்தால் ‘பேனல்’ என்று இருக்க வேண்டும். முதல் கட்டளைக்கு எதிரே 11 என்று முடியும் முகவரி. இரண்டாவதற்கு எதிரே 12. பதினொன்று அலுவலகத்திலிருந்து வரும் கேபிள். பன்னிரண்டு அலுவலகத்திலிருந்து வரும் வயர்லெஸ். இரண்டுமே ப்ராக்ஸியிலிருந்து வந்தவை.

உள்ளே போனது ஒன்று. வெளியே வந்தது இரண்டு.

ஆதிலட்சுமி அந்த இடத்திலேயே நான்கு தடவை முன்னும் பின்னும் நடந்தார். பிறகு திருமாலிடம் வந்து நின்றார்.

“அண்ணே, டேப்லெட்ட எடுத்துக்கிட்டு வாங்க. ஒரு வாட்டி அமுக்கணும்.”

“எதுக்கு? இன்னொரு வாட்டி மூணாவதா ஒண்ணு அமுக்கினேன்னு சொல்றதுக்கா?”

“சூளை ஆறிக் கெடக்குது. கேஸு மூடியிருக்குது. ஒண்ணும் ஆவாது. நான் சொல்லும்போது அமுக்குங்க. ஒரே ஒரு வாட்டி.”

“ஒரு வாட்டிதான் எனக்குத் தெரியும்” என்று சொல்லிக்கொண்டே திருமால் எழுந்தார்.

கட்டளை வந்ததும் பெட்டி எரிவாயு வால்வைத் திருப்பும். அதற்கு ஆறு நொடி ஆகும். திருப்பி முடித்த பிறகே பதில் சொல்லும். அந்த ஆறு நொடிக்குள் கேபிள் விட்டுப்போனால் வேலை நடந்துவிடும். நடந்ததென்ற செய்தி மட்டும் திரும்பாது. கேபிளின் இணைப்பு ஒன்று, உருண்டைக் கற்களை உருட்டி மண் அரைக்கும் ‘பால் மில்’லுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. மில் ஓடும்போது அந்தச் சுவரே அதிரும்.

திருமால் அழுத்தினார். பெட்டியில் இலக்குச் சூடு பூச்சியத்திலிருந்து முப்பதுக்கு மாறியது. ஆதிலட்சுமி கேபிளைப் பிடுங்கினார். இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். ஆதிலட்சுமி வாய்விட்டு எண்ணினார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

முப்பது, அறுபதாயிற்று. டேப்லெட்டில் ‘ஆயிற்று’ என்று வந்தது.

திருமால் தன் விரலைத் தூக்கிப் பார்த்தார். “நான் தொடல, ஆதி.”

“பாத்தேன்ணே.”

“அப்ப எவன் அமுக்கினான்?”

ஆதிலட்சுமி அலுவலகத்துக்குப் போனார். ப்ராக்ஸியின் அமைப்புக் கோப்பைத் திறந்தார். இருபது நொடிக்குள் பதில் வராவிட்டால் எந்தக் கோரிக்கைகளை அடுத்த வழியில் இரண்டாம் முறை அனுப்பலாம் என்று சொல்லும் வரி அதில் இருக்கிறது. இயல்பாக அந்த மென்பொருள் போஸ்ட் கோரிக்கைக்குப் பதில் வராவிட்டால் அதை மறுபடி அனுப்பாது. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு சொல்லைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அந்தச் சொல் அங்கே இருந்தது. பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பும் இருந்தது: ‘ஆங் வரலன்னா திரும்ப அனுப்பு. ஆதி, 17.11.2022.’

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பால் மில் ஓடும்போது எங்கள் வளாகத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அச்சுக் கொட்டகையிலிருந்து சூளைக்கு ஒரு செய்தி போக வேண்டுமென்றால் நடுவில் நிற்பவர் கத்திச் சொல்வார். அந்தப் பக்கத்திலிருந்து ‘ஆங்’ என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி கத்துவார். ஆங் வருகிறவரை விடக்கூடாது என்பது இங்கே வேலைக்கு வரும் எவருக்கும் முதல் நாளே சொல்லப்படுவது. ஆதிலட்சுமிக்கும் 2003-ல் அப்படித்தான் சொல்லப்பட்டது.

2022 நவம்பர் மழையில் கேபிள் அடிக்கடி விட்டுப்போனது. கைபேசியில் ‘பதில் வரவில்லை’ என்று வந்ததும் பதினான்கு பட்டறைக்காரர்களும் வரிசையாக ஆதிலட்சுமியை அழைத்தார்கள். அவராலும் அந்த வாசகத்தைச் சகிக்க முடியவில்லை. நடுவில் நிற்கும் ஆளுக்கு என்ன சொல்லித்தருவோமோ அதையே நடுவில் நிற்கும் இயந்திரத்துக்கும் சொல்லித்தந்தார். அழைப்புகள் நின்றன. ஏழு மாதம் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

மணி அப்போது 10.50. அந்தச் சொல்லை அழித்துவிட்டால் போதும். கேபிள் கோளாறு என்று பொதுவாகச் சொல்லி, திருமாலையும் காப்பாற்றிவிடலாம். கோப்பை அவரைத் தவிர யாரும் திறந்ததில்லை. திறந்தாலும் புரியாது. இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார். அன்று மாலைவரை அந்த வரியை அழிக்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அலுவலகத்துக்கும் கொட்டகைக்கும் இடையே பதினேழு தடவை நடந்தார். நான் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்ததால் எண்ண முடிந்தது. திருமால் இரண்டு தடவை, “என்னா ஆதி, யாருன்னு தெரிஞ்சுதா?” என்று கேட்டார். இரண்டு தடவையும், “பாத்துக்கிட்டு இருக்கேன்ணே” என்றார்.

வெள்ளிக்கிழமை கூட்டம் 11.05-க்குத் தொடங்கியது. சபேசன் தீர்மானத்தைப் படிக்க வாயெடுத்தபோது ஆதிலட்சுமி எழுந்தார்.

“தலைவரே, படிக்காதீங்க. ரெண்டாவது வாட்டி அமுக்குனது நான்.”

“நீயா? செவ்வாக்கெழம நீ சூளைப் பக்கமே வரலியே?”

“போன நவம்பர்லயே அமுக்கி வெச்சிட்டேன்.”

அமைப்புக் கோப்பின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வந்திருந்தார். தன் குறிப்பைத் தானே படித்தார். முழுப் பதிவைக் காட்டினார். தன் சர்வர் இரண்டு தடவை அனுப்பிய கோரிக்கையை முடிவில் ஒரே வரியாக எழுதுகிறது என்பதையும், பதில் வந்த நேரத்தைத்தான் குறிக்கிறது என்பதையும், அதைச் சரிபார்க்காமல் புதன்கிழமை வாய்விட்டதையும் சொன்னார்.

சபேசனுக்கு ஒன்று விளங்கவில்லை. “ஆங் வரலன்னா திரும்பச் சொல்றதுதான மொறை? இதுல என்னா தப்பு?”

“கேக்குறது மனுஷனா இருந்தா மொறைதாங்க. ‘கொறை’ன்னு திருமால் அண்ணன்கிட்ட மூணு வாட்டி கத்தினாலும் அவரு ஒரு வாட்டிதான் கொறைப்பாரு. அதே பேச்சுதான்னு அவருக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரியாது. ஒவ்வொண்ணும் அதுக்குப் புது ஆர்டரு.”

“அப்ப நடுவுல இருக்குற உன் மெஷினு என்னா செய்யணும்?”

“காட்டச் சொல்றத எத்தன வாட்டி வேணா கேக்கலாம். செய்யச் சொல்றத ஒரு வாட்டிதான் அனுப்பணும். பதில் வரலன்னா ‘ஆச்சா ஆவலயான்னு எனக்குத் தெரியாது’ன்னு அனுப்புனவங்ககிட்டயே சொல்லிடணும். அவங்க போயி பாத்துட்டு முடிவு பண்ணட்டும்.”

“தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு மெஷினா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொன்னதாலதான் ரெண்டாயிரத்து நூத்திநாப்பது கட்ட போச்சு” என்று அம்புஜவல்லி திரும்பிப் பார்க்காமல் சொன்னார். பிறகு ஆதிலட்சுமியிடம், “நீ சொன்னது சரி. ஆனா மொத நாளே பாத்துட்டுப் பேசியிருக்கணும். மூணு நாளா அந்த ஆள நான் திட்டாத திட்டு இல்ல” என்றார்.

தீர்மானம் கைவிடப்பட்டது. அம்புஜவல்லிக்கு அடுத்த இரண்டு சூளை முறைகள் ஒதுக்கப்பட்டன. சர்வரில் எந்த மாற்றம் செய்தாலும் கூட்டத்தில் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று முடிவானது. ஆதிலட்சுமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கண் மட்டும் வாசலில் இருந்தது. திருமால் அங்கே சாய்ந்து நின்றிருந்தார். கூட்டம் முடிந்ததும் அவர் உள்ளே வரவில்லை, சூளைக்கும் போகவில்லை. நல்லூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

சனிக்கிழமை அவர் வரவில்லை. ஆதிலட்சுமி ஆறு தடவை அழைத்தார். ஞாயிறு காலை நல்லூருக்கே போனார். திருமாலின் மனைவி நீலாவதி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க கூட்டத்துல சொன்னீங்களாம். கேள்விப்பட்டோம். இங்க ஊருல யாரு வந்து சொல்றது? மூணு நாளு அவரு டீக்கடைக்குப் போவல.”

“நான் சொல்றேங்க. கடைக்குப் போயி சொல்லிட்டுத்தான் வரேன்” என்று ஆதிலட்சுமி திரும்ப, உள்ளேயிருந்து திருமாலின் குரல் வந்தது.

“அவ போனா சொல்லிடுவா. அப்பறம் ஆளாளுக்கு வெளக்கம் கேப்பானுங்க. விடு, வூட்டுக்குள்ள வரச் சொல்லு.”

அவர் வேலைக்கு வரச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை வைத்தார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “ஏத்து, எறக்குங்குற பட்டனே எனக்கு வேணாம். நான் மனசுல ‘முப்பது ஏத்தணும்’னு நெனைக்கறதே இல்ல. ‘ஆயிரத்து இருநூத்தி அம்பதுல நிக்கணும்’னுதான் நெனைப்பேன். நான் நெனைக்கிற மாதிரியே அதுவும் கேக்கட்டும்.”

ஆதிலட்சுமி அங்கிருந்தபடியே கோயம்புத்தூரை அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை என்பது நினைவில்லை. பொறியாளர் எடுத்து, “மேடம், இன்னைக்கும் நீங்களா?” என்றார். திருமால் கேட்பதற்கு ஏற்கெனவே ஒரு வகைக் கோரிக்கை உண்டென்றும், ‘இந்த அளவில் வை’ என்று சொல்லும் அதற்குப் ‘புட்’ என்று பெயரென்றும், பெட்டியில் மாற்றித்தர பத்து நாள் ஆகுமென்றும் சொன்னார். அந்தப் பத்து நாளும் திருமால் டேப்லெட்டைத் தொடவில்லை. பெட்டியருகே நின்று கையாலேயே வைத்தார்.

ஜூன் 29, வியாழக்கிழமை. புதிய முறையில் முதல் சூளை. சரக்கு மறுபடியும் அம்புஜவல்லியுடையது. 1220-ல் கூம்பைப் பார்த்துவிட்டுத் திருமால் டேப்லெட்டில் 1250 என்று எழுதி அழுத்தினார். ஆதிலட்சுமி பக்கத்தில் நின்றார். பால் மில் ஓடிக்கொண்டிருந்தது. இருபது நொடி ஆயிற்று. திரையில் வந்தது: ‘பதில் வரவில்லை. நடந்ததா எனத் தெரியாது. பார்த்துவிட்டு அனுப்பவும்.’

திருமால் நிதானமாக நடந்துபோய்ப் பெட்டியைப் பார்த்தார். இலக்கு 1250. திரும்பி வந்தார். ஆதிலட்சுமியின் முகத்தையே பார்த்தபடி மறுபடி அழுத்தினார்.

“அண்ணே! என்னா பண்றீங்க?”

மூன்றாவது தடவையும் அழுத்தினார். ஆதிலட்சுமி பெட்டியிடம் ஓடினார். 1250. அது நகரவில்லை. கேபிளின் இணைப்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

“போயி உக்காரு ஆதி” என்று கத்தினார் திருமால். “நான் இன்னும் நாலு வாட்டி அமுக்கணும்.”

ஆதிலட்சுமி போகவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கூம்பு சரியான அளவுக்குச் சாய்ந்ததைப் பார்வை ஓட்டையில் தானே பார்த்தார். அதன் பிறகும் எரிவாயு அடைக்கப்படும்வரை நின்றுகொண்டிருந்தார்.